எங்கள் பெயர்ப்பட்டியல் யாருடைய பெட்டிக்குள்?

கடந்த முப்பத்தைந்து வருடங்களில் நாம் எத்தனை தடவை எமது பெயரைப் பதிந்து கொடுத்திருப்போம்? யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? 1990 இல் ஊரைவிட்டு ஓடியபோது கொடுத்தோம். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோது கொடுத்தோம். 2007 இன் முற்பகுதியில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்களில் தங்கியபோது மீண்டும் கொடுத்தோம். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கியூ.ஆர். குறியீட்டுக்காகக் கொடுத்தோம். 2023 இல் அஸ்வெசும கொடுப்பனவுக்காகக் கொடுத்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் வெள்ளமும் நாட்டை உலுக்கியபோது, மறுபடியும் படிவங்கள் வந்தன.

ஒவ்வொரு முறையும் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒன்றுதான். குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் வயது, கணவர் இருக்கிறாரா இல்லையா, காணி உண்டா, அனுமதிப்பத்திரம் கைவசம் உண்டா, வங்கிக் கணக்கு எது, தொலைபேசி இலக்கம் எது. நாமும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். சொல்லாவிட்டால் உலர் உணவு இல்லை, தகரம் இல்லை, கூடாரம் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் திருப்பிக் கேட்பதில்லை. நாங்கள் தந்த விபரம் இப்போது எங்கே இருக்கிறது? அதை யார் பார்க்கிறார்கள்?

முன்பு அந்த விபரம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. கொப்பி நனையும், கறையான் அரிக்கும், தொலைந்தும் போகும். ஆனாலும் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். இன்று அது மடிக்கணனியிலும் கைத்தொலைபேசியிலும் ஏறிவிட்டது. ஒரு விரல் அழுத்தத்தில் கொழும்புக்கும் போகும், கடல் கடந்தும் போகும். போனது எமக்குத் தெரியவும் மாட்டாது.

ஆகவேதான், கணனித் துறையினர் பேசிக்கொள்ளும் ஒரு விடயத்தை இம்முறை எமது விவசாயக் குடும்பங்களின் முன்னால் வைக்க விரும்புகிறேன். உரியவரின் அந்தரங்கத்தைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டு, கைத்தொலைபேசிகளுக்கென உருவான திறந்த மூல இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணனிகள் வருமா என்பதே அந்தப் பேச்சு. இது பட்டணத்துப் படித்தவர்களின் விடயம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு நாட்டில் அதிகம் பதியப்படுபவர்கள் இடம்பெயர்ந்தவர்களே. அதிகம் பதியப்படுபவனுக்கே பதிவுப் பெட்டியின் பூட்டைப் பற்றி அதிக அக்கறை இருக்கவேண்டும்.

ஒரு சங்கத்துக்கு நடந்தது

வாவிக்கு அப்பால் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயச் சங்கம் உண்டு. அதற்கு யாரோ நல்ல மனதோடு ஒரு மடிக்கணனியை அன்பளிப்புச் செய்தார்கள். அதைத் தொடக்கியதும், முதலில் இணையத்தில் ஒரு கணக்கைத் திற என்று அது கேட்டது. சங்கத்தின் செயலாளராக இருந்த பெண்பிள்ளை தனது சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துக் கணக்கைத் திறந்தாள். அங்கத்தவர் பட்டியல், காணி விபரம், கடன் விபரம், காணாமற்போன அனுமதிப்பத்திரங்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அதற்குள் ஏறின. இரண்டு வருடத்தில் அவள் திருமணமாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. ஒருநாள் கணனி பழைய இலக்கத்துக்கு ஓர் இரகசிய எண்ணை அனுப்பியிருப்பதாகக் கூறி, அதைக் கேட்டு நின்றது. அந்த எண் வந்து சேர வழியில்லை. சங்கத்தின் மேசையிலேயே கணனி இருக்கிறது. சங்கத்தின் பட்டியல் சங்கத்துக்கு இல்லை. ஆனால் அதே பட்டியலின் ஒரு பிரதி, எங்கோ ஒரு நாட்டில், ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதில் அந்தப் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. அன்பளிப்புச் செய்தவரின் குற்றமும் இல்லை. பெட்டியை யார் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெட்டியை வைத்திருப்பவரிடம் இல்லாமற் போனதே குற்றம்.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. பெயர் இல்லாதவனுக்கு நிவாரணம் இல்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தகப்பன் பெற்ற அனுமதிப்பத்திரம் வீட்டோடு எரிந்துபோயிருந்தால், அதன் நிழற்படப் பிரதி ஒன்று எங்காவது இருப்பது பிள்ளைகளின் வயலைக் காப்பாற்றும். காணிக் கச்சேரியில் நாம் இங்கேதான் வாழ்ந்தோம் என்று காட்ட ஏதாவது ஓர் எழுத்து வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கும், பழைய பதிவுகளே ஆதாரம்.

ஆனால் மறுபக்கத்தையும் இந்த மாவட்டம் நன்றாக அறியும். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அன்று அங்கே கணனி இருக்கவில்லை. எனினும் முகாமில் இருப்பவனின் பெயர், வயது, ஊர் என்பன யார் கையில் கிடைக்கின்றன என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம் என்பதை நாம் அன்றே கற்றுக்கொண்டோம்.

அமைதிக் காலத்திலும் இது தீர்ந்துவிடவில்லை. நுண்கடன் கொடுப்பவர்களின் ஆட்கள், எந்த வீட்டில் ஆண் துணையில்லாத பெண் இருக்கிறாள், எந்த மாதம் அவளுக்குக் கொடுப்பனவு வருகிறது என்று தெரிந்துகொண்டு படலையில் வந்து நிற்கிறார்கள். நட்டஈடு கிடைக்கப்போகிறது, முதலில் இவ்வளவு பணம் போடுங்கள் என்று தொலைபேசியில் ஏமாற்றுபவர்களுக்கு எமது இலக்கங்கள் கிடைத்துவிடுகின்றன. எந்த வட்டையில் எந்தக் காணிக்குப் பத்திரமில்லை என்ற விபரம், அந்தக் காணியில் கண் வைத்திருப்பவனுக்குப் பொன்னைப் போன்றது.

எனவே பட்டியல் வேண்டும். அது எமக்கு விளங்குகிற, எமது திறப்பில் பூட்டப்பட்ட பெட்டிக்குள் இருக்கவும் வேண்டும்.

எமது நாட்டிலேயே ஒரு முன்மாதிரி

இது வெறும் கனவு அல்ல. சுனாமி வந்த நாட்களில், இலங்கையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்து நின்றபோது, எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எங்கே என்ன தேவை என்பதைப் பதிய ஒழுங்கான வழி இருக்கவில்லை. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்ற அமைப்பைச் சுற்றித் திரண்ட இந்நாட்டுக் கணனி இளைஞர்கள், இரவு பகலாக இருந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்கு ‘சஹானா’ என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அதன் சிறப்பு என்னவென்றால், அதை அவர்கள் விற்கவில்லை. அதன் உள்ளமைப்பைப் பூட்டி வைக்கவும் இல்லை. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், தம் மொழிக்கு மாற்றலாம் என்று விட்டார்கள். அதனால் 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கு பயன்பட்டது. 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூகம்பத்திலும், 2010 இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு வழங்கியது. அகதிகளின் பெயரை எழுதும் கருவியைத் திறந்த முறையில் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியது எமது தீவுதான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆனால் மென்பொருள் திறந்ததாக இருந்தால் மட்டும் போதாது. அது ஓடுகின்ற கணனியும், கணனியை ஆளுகின்ற அடிப்படை இயங்குதளமும் எப்படிப்பட்டவை என்ற கேள்வி எஞ்சுகிறது. பெட்டகம் உறுதியாக இருந்தும் வீட்டின் சுவர் ஓலையாக இருந்தால் என்ன பயன்?

விதைநெல்லும் வாங்கும் நெல்லும்

திறந்த மூலம் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். விவசாயிக்கு இதை விளக்குவது இலகு. எமது பெற்றோர் விதைநெல்லைத் தாமே எடுத்து வைத்தார்கள். கலப்பு இருக்கிறதா, பதர் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்தார்கள். அயலவனுக்கும் கொடுத்தார்கள். இன்று பொதியில் வரும் சில விதைகளை ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்கவேண்டும். உள்ளே என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று எமக்குத் தெரியாது. மென்பொருளிலும் இந்த இரண்டு வகை உண்டு. உள்ளமைப்பைத் திறந்து காட்டி, சோதிக்கவும் பகிரவும் இடம் கொடுப்பது ஒருவகை. பொதிக்குள் பூட்டி, வாடகைபோல் தருவது மறுவகை. நாம் எல்லோரும் அதன் உள்ளே வாசித்துப் பார்க்கப்போவதில்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்து, களவு இருந்தால் ஊரறியச் சொல்லக்கூடிய நிலை இருக்கிறதா என்பதே முக்கியம்.

இனி, மடிக்கணனிக்குக் கைத்தொலைபேசியின் இயங்குதளம் எதற்கு? பழைய முறைக் கணனி ஒரு பெரிய மண்டபம் போன்றது. அதற்குள் விடப்பட்ட மென்பொருள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் உங்கள் கோவைகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். பாட்டுக் கேட்பதற்காக நீங்கள் போட்ட ஒன்று அங்கத்தவர் பட்டியலையும் வாசிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கைத்தொலைபேசி இயங்குதளமோ அறை அறையாகப் பிரிக்கப்பட்ட வீடு. ஒவ்வொரு செயலியும் தன் அறைக்குள் இருக்கவேண்டும். கமராவைத் தொடவோ, படங்களைப் பார்க்கவோ, இருக்கும் இடத்தை அறியவோ வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். நல்ல முறையில் செய்யப்பட்டவை, தொடங்கும்போதெல்லாம் தம்மை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்றும் சரிபார்க்கும். இதோடு மின்சாரமும் குறைவாகவே செலவாகும். மின்வெட்டுக்குப் பழகிய எமக்கு இதுவும் சிறிய விடயமல்ல.

இன்று எந்த அளவில் நிற்கிறது?

உண்மையைச் சொல்வதானால், துண்டு துண்டாக எல்லாம் இருக்கின்றன; ஒன்றுசேர்ந்து எமது கைக்கு எட்டும் விலையில் இன்னும் வரவில்லை.

2008 முதல் கைத்தொலைபேசிகளில் வரும் அன்ட்ரொயிட் இயங்குதளத்தின் அடிப்படை திறந்த மூலமே. அதன் மேல் கூகிள் நிறுவனம் தனது பூட்டிய சேவைகளை ஏற்றி, எமது நடமாட்டத்தையும் தேடுதலையும் சேகரிக்கிறது. அந்தச் சேவைகளை அகற்றிவிட்டு, அடிப்படையை மட்டும் எடுத்துப் பலப்படுத்தியவர்கள் உண்டு. ‘கிராபீன் ஓ.எஸ்.’ என்பது அவற்றுள் மிக உறுதியானது. ஆனால் நீண்ட காலமாக அது கூகிளின் பிக்சல் வகைக் கருவிகளிலேயே தங்கியிருந்து வளர்ந்தது. சாதாரண மடிக்கணனிக்கென வந்ததல்ல. ‘லினியேஜ் ஓ.எஸ்.’ என்பது கைவிடப்பட்ட பல பழைய தொலைபேசிகளுக்கு உயிர் கொடுக்கிறது. ஆயினும் பலவற்றில் அதை ஏற்றும்போது கருவியின் முன்கதவுப் பூட்டைத் திறந்தே விடவேண்டியிருக்கும். களவு போனால் ஆபத்து.

மடிக்கணனியில் தொலைபேசி இயங்குதளம் ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2009 இல் தொடங்கிய அன்ட்ரொயிட் எக்ஸ்86 என்ற திட்டம் அதைச் செய்து காட்டியது. இந்தியாவில் 2023 இல் ‘பிரைம்புக்’ என்ற மடிக்கணனி, அன்ட்ரொயிட் அடிப்படையில், சிம் அட்டை போடும் வசதியோடு, ஏறத்தாழ பதினேழாயிரம் இந்திய ரூபாய்க்கு மாணவர்களுக்கு வந்தது. மலிவு இருக்கிறது, ஆனால் அந்தரங்கத்தைக் காப்பது அதன் நோக்கமல்ல. அதே 2023 சனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் ‘பார் ஓ.எஸ்.’ என்ற தொலைபேசி இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. வேண்டாத செயலிகள் எதுவும் முன்கூட்டியே ஏற்றப்படாமல் வரும் என்றும், இரகசியம் பேணவேண்டிய நிறுவனங்களுக்கு உரியது என்றும் சொன்னார்கள். மத்திய அமைச்சர்களே சோதித்துப் பார்த்தார்கள். அதுவும் அன்ட்ரொயிடின் திறந்த அடிப்படையில் எழுந்ததே. ஆனால் அறிமுக விழா வேறு, சாதாரண மனிதன் கடையில் வாங்குவது வேறு.

அமெரிக்காவின் பியூரிசம் என்ற நிறுவனம் வேறு வழியாக வந்தது. மடிக்கணனியிலும் ‘லிப்ரம் 5’ என்ற தொலைபேசியிலும் லினக்ஸ் வழிவந்த ஒரே இயங்குதளத்தைப் போட்டது. கமராவையும் ஒலிவாங்கியையும் வெளியேயுள்ள சுவிட்சினாலேயே அணைத்துவிடலாம். தொலைபேசிக்கு 2017 இல் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பலருக்குப் பொருள் கைக்கு வர வருடங்கள் சென்றன. விலையோ எமது ஒரு போகத்து வருமானத்தை விழுங்கிவிடும். ‘போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்.’ என்ற இன்னொரு முயற்சி 2017 இல் தொடங்கியது. ஒரு தொலைபேசியைப் பத்து வருடம் பயன்படுத்தவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். சில பழைய குரோம்புக் மடிக்கணனிகளிலும் ஓடுகிறது. ஆனால் கைதேர்ந்தவர்களுக்கே இன்னும் அது வசப்படும்.

இதற்கிடையில் பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2025 இல் கூகிள், தனது குரோம் மடிக்கணனி இயங்குதளத்தையும் அன்ட்ரொயிடையும் ஒன்றாக்கப் போவதாகக் கூறியது. ஆகவே தொலைபேசி இயங்குதள மடிக்கணனி பெருமளவில் வரப்போகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில், பதிவு செய்து சரிபார்க்கப்பட்டவர்கள் எழுதிய செயலிகளையே சான்றிதழ் பெற்ற அன்ட்ரொயிட் கருவிகளில் ஏற்றலாம் என்ற விதியைப் படிப்படியாகக் கொண்டுவரப் போவதாகவும் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர், அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு தனிவழி வைப்பதாகச் சொன்னது. கவனியுங்கள். பெயர் திறந்த மூலம்தான். ஆனால் படலைக்கு யார் காவல் என்பதை ஒரு நிறுவனமே தீர்மானிக்கப் பார்க்கிறது. நிலம் பொதுவாக இருந்து, வாய்க்கால் மதகின் திறப்பு ஒரே போடியாரின் மடியில் இருந்தால் பயிர் யாருடையது?

காத்திருக்க வேண்டுமா?

எனது கருத்து இதுதான். அப்படிப்பட்ட மடிக்கணனி ஒருநாள் வரும், அதை வரவேற்போம். ஆனால் அதற்காகக் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே கையிலுள்ளவற்றைக் கொண்டு பாதித்தூரம் போகலாம்.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. பல பழைய கணனிகள் விண்டோஸ் 11 ஐ ஏற்கமாட்டா. அலுவலகங்களும் தொண்டர் நிறுவனங்களும் அவற்றை ஓரமாக்கும். எமது சங்கங்கள் அவற்றைக் கேட்டுப் பெறலாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளங்களை இலவசமாக ஏற்றினால், அவை இன்னும் சில வருடங்கள் உழைக்கும். இவை தொலைபேசி இயங்குதளம்போல் அறை அறையாக முற்றாகப் பிரிக்கப்பட்டவையல்ல என்பது உண்மை. ஆனால் யாருடைய கணக்கும் இல்லாமல், இணையம் இல்லாமல் தொடங்கும். ஏற்றும்போதே வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கலாம். கேரளத்தில் அரச பாடசாலைகள் பல வருடங்களாகக் கட்டற்ற இயங்குதளத்திலேயே பிள்ளைகளுக்குக் கணனி கற்பிக்கின்றன. அயல்மொழி பேசும் அயல்மாநிலப் பிள்ளைகளால் முடியுமென்றால் எமது பிள்ளைகளால் முடியாதா?

சங்கங்கள் செய்யக்கூடியவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. வேண்டியதை மட்டும் எழுதுங்கள். உரமானியப் பட்டியலுக்கு விதவையா என்ற கேள்வி எதற்கு? எழுதப்படாத விபரத்தை எவராலும் திருட முடியாது. எந்தக் கணனியாலும் தரமுடியாத பாதுகாப்பு இது.

2. கணனி சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தனியாளின் தொலைபேசி இலக்கத்தில் கணக்குத் திறக்க வேண்டாம். திறப்புச் சொல்லைத் தலைவரும் செயலாளரும் அறிந்திருக்க வேண்டும். ஓர் உறையிலிட்டு ஒட்டிப் பொருளாளரிடம் வைக்கலாம். மறைகுறியாக்கிய கணனியின் திறப்புச் சொல்லை மறந்தால் உரியவராலும் திறக்க முடியாது. அதைச் சுவரில் எழுதி ஒட்டினால் பூட்டே தேவையில்லை.

3. இரண்டு பிரதி வையுங்கள். வெள்ளமும் சூறாவளியும் எமக்குப் புதியவையல்ல. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். காணிப் பத்திரங்களைப் படமெடுத்து, பூட்டிய பென் டிரைவ் ஒன்றில் பதிந்து, வாவியின் மறுகரையில் நம்பிக்கையான ஓரிடத்தில் வையுங்கள். மூலப் பத்திரம் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும்.

4. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். பாமினியில் உள்ளது அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். நாளை எந்த இயங்குதளம் வந்தாலும் எமது கடிதம் தமிழில் திறக்கவேண்டும்.

5. பதிய வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விபரம் எங்கே வைக்கப்படும்? யாருக்குக் கொடுக்கப்படும்? எப்போது அழிக்கப்படும்? இது அவமரியாதையல்ல. நெல்லை நிறுக்கும்போது தராசைப் பார்ப்பது வியாபாரிக்கு அவமரியாதையா?

சட்டமும் ஓரளவு எமது பக்கம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விபரத்தைப் பார்க்கவும், பிழை திருத்தவும், அழிக்கும்படி கேட்கவும் உரிமைகளை வகுத்தது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. வலுவாக நடைமுறைப்படுத்தும்படி கேட்பது எமது கடமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எமது விபரத்தை ஓர் அரச அலுவலகம் எவ்வாறு வைத்திருக்கிறது என்று விண்ணப்பித்துக் கேட்கவும் முடியும். இந்திய உதவியோடு தயாராகும் எண்ம அடையாளத் திட்டத்தில் முகமும் விரலும் கண்ணும்கூடப் பதியப்படவிருக்கும்போது, இந்தக் கேள்விகளை இப்போதே கேட்கப் பழகாவிட்டால் எப்போது பழகுவோம்?

சில மறுப்புகள்

“எங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? வயிறு காயும்போது இந்தப் பேச்சு எதற்கு?” என்று ஒரு மூத்த விவசாயி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவரே தன் வட்டையின் எல்லைக் கல்லை யாருக்கும் காட்டமாட்டார். எத்தனை மூடை நெல் வைத்திருக்கிறார் என்று கடன்காரனிடம் சொல்லவும்மாட்டார். ஒளிப்பது வேறு, தன்னுடையதைத் தான் வைத்திருப்பது வேறு. இருப்பவனுக்குக் காணியும் பணமும் காவல். இல்லாதவனுக்கு எஞ்சியிருப்பது தன்னைப் பற்றிய உண்மைகளைத் தானே வைத்திருக்கும் உரிமைதான்.

இன்னொரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல இயங்குதளமும், துவக்கோடு வந்து திற என்பவனிடமிருந்து காப்பாற்றாது. திறந்த மூலம் என்ற பெயர் இருந்தால் மட்டும் கருவி நல்லதாகிவிடாது. பராமரிப்பவர் இல்லாத திறந்த மென்பொருள், காவல் இல்லாத பரணைப் போன்றது. நான் கேட்பது ஒரு மந்திரப் பெட்டியை அல்ல. எமது பெயர்களை ஏற்றும் பெட்டி யாருக்குக் கீழ்ப்படிகிறது என்று தெரிந்துகொண்டு ஏற்றுவோம் என்பதையே.

கணனி படிக்கும் எமது பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சுனாமியின்போது கொழும்பிலிருந்த இளைஞர்கள் சில வாரங்களில் ஒரு மென்பொருளைச் செய்தார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் படிக்கும் நீங்கள், விடுமுறை நாட்களில் ஒரு சங்கத்தின் பழைய கணனிக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுங்கள். செயலாளருக்குத் தமிழில் தட்டச்சுப் பழக்குங்கள். பழுதானால் வந்து பாருங்கள். திறந்த தொலைபேசி இயங்குதளங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பதிலும் கைகொடுக்கலாம். நாளை அத்தகைய மடிக்கணனி மலிவாக வரும்போது, அதைத் திறக்கவும் திருத்தவும் தெரிந்தவர்கள் எமது கரையில் இருப்பார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். எமது பட்டியல்கள் எத்தனை, எவரெவரிடம் இருக்கின்றன என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை மட்டும் எந்தக் கணனியிலும் ஏற்றவேண்டாம். செயலாளரின் கொப்பிக்குள் இருக்கட்டும்.